முதல் பைக் வாங்கப் போகிறீர்களா? ஸ்போர்ட்ஸ் பைக்கை விட்டு டூயல் ஸ்போர்ட் பக்கம் வாருங்கள்

பதினெட்டு வயது முடிந்து கியர் வண்டி லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஷோரூமில் கண் முதலில் போவது ஃபேரிங் (எஞ்சினை மூடும் பிளாஸ்டிக் பலகை) போட்ட ஸ்போர்ட்ஸ் பைக்மேல்தான். யமஹா ஆர்15, கேடிஎம் ஆர்சி 200 இரண்டும் நல்ல தயாரிப்புகள், அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் முதல் வண்டியாக எதை வாங்கலாம் என்று கேட்கிற தம்பி, தங்கைகளிடம் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: ஏறக்குறைய அதே பணத்துக்கு டூயல் ஸ்போர்ட் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நம் சாலைகளுக்கு அது பொருந்துகிறது, கீழே போட்டால் செலவு குறைவு, எல்லாவற்றையும்விட அது உங்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும். எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி வாங்குவது, முதல் சில மாதங்கள் எப்படி ஓட்டுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எந்த வண்டியைச் சொல்கிறேன்

டூயல் ஸ்போர்ட் என்றால் தாரிலும் மண்ணிலும் ஓட்டும் வண்டி. நம்பர் பிளேட், விளக்கு, இண்டிகேட்டர் என்று ரோட்டுக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். தார் முடிந்து மண் தொடங்கினாலும் நிற்காமல் போகும். முன்னால் 21 இஞ்ச் ஸ்போக்ஸ் சக்கரம், பின்னால் பெரும்பாலும் 18 இஞ்ச், நீளமான சஸ்பென்ஷன், அகலமான ஹேண்டில்பார், நிமிர்ந்து உட்காரும் அமைப்பு. இந்த வகையில் இந்தியாவில் எளிதாகக் கிடைப்பது 2019இல் வந்த ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வரிசையின் 4வி (நான்கு வால்வு) மாடல், 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210. கவாசாகி கேஎல்எக்ஸ் 230 இருக்கிறது. இன்னும் பெரிதாக ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன், கேடிஎம் 390 எண்டியூரோ ஆர் இருக்கின்றன.

ஷோரூமில் எல்லாவற்றையும் 'அட்வெஞ்சர் பைக்' என்றே சொல்வார்கள். அதில் ஏமாற வேண்டாம். 19 இஞ்ச் முன் சக்கரமும் அலாய் வீலும் வைத்து வரும் சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் போன்றவை நெடுஞ்சாலைப் பயணத்துக்கான வண்டிகள். நல்ல வண்டிகள்தான், இந்தக் கட்டுரையில் பேசுவது அவற்றைப் பற்றி அல்ல.

முதலில் லைசென்ஸ்

16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. இங்கே பேசும் எந்த வண்டிக்கும் 18 முடிந்திருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 199ஏ பிரிவைப் பெற்றோரும் படிக்க வேண்டும். வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

எல்எல்ஆர் வாங்கி 30 நாள் கழித்து டெஸ்டுக்குப் போகலாம், அது 6 மாதம் செல்லும். அந்த ஒரு மாதத்தில் வீட்டில் இருக்கும் பழைய கம்யூட்டர் வண்டியில் எட்டு போட்டுப் பழகுங்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும் என்பதால் அதில் எட்டு போடுவது சிரமம். நம் ஊர்ச் சந்துகளில் யூ-டர்ன் எடுக்கும்போதும் அதே சிரமம்தான் வரும்.

ஒரு வாரம் எங்கே ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள்

வீட்டிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து நண்பன் வீடு, சனிக்கிழமை சொந்த ஊர். இந்த வழிகளில் எத்தனை கிலோமீட்டர் நல்ல தார், எத்தனை இடத்தில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டி ஜல்லி கொட்டி மூடியிருக்கிறார்கள், பெயிண்ட் அடிக்காத வேகத்தடை எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஊருக்குள் போகிற கடைசிச் சாலை மண்ணா தாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தாளே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

மீதியை இரண்டு வண்டிகளின் விவரக் குறிப்பில் பாருங்கள். ஆர்15 வி4: 155 சிசி, பவர் 18.4 பிஎஸ், அதுவும் 10,000 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை). டார்க் (இழுக்கும் திறன்) 14.2 நியூட்டன் மீட்டர், 7,500 ஆர்பிஎம்மில். எக்ஸ்பல்ஸ் 200 4வி: 199.6 சிசி, சுமார் 19 பிஎஸ் 8,500 ஆர்பிஎம்மில், டார்க் 17.35 நியூட்டன் மீட்டர் 6,500 ஆர்பிஎம்மில். பவர் இரண்டிலும் ஏறக்குறைய சமம். அது எங்கே வெளிப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஆர்15இன் எஞ்சினில் வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் தொழில்நுட்பம் வேலை செய்யத் தொடங்குவதே 7,400 ஆர்பிஎம் தாண்டித்தான். தாம்பரத்திலோ காந்திபுரத்திலோ காலை டிராஃபிக்கில் அந்த ஆர்பிஎம்மை நீங்கள் அரிதாகத்தான் தொடுவீர்கள். மேல் கியர்களில் அதைத் தொட வேண்டும் என்றால் வேகமாகப் போக வேண்டும். மத்திய அரசின் 2018 அறிவிக்கைப்படி நான்குவழிச் சாலையிலும் இருசக்கர வாகனத்துக்கு உச்ச வரம்பு 80 கிலோமீட்டர்தான். ஆக, ஸ்போர்ட்ஸ் பைக்கின் சிறப்பு தெரிய ஆரம்பிக்கும் இடத்தில் சட்டமும் முடிகிறது, புதிதாக ஓட்டுகிறவரின் அனுபவமும் முடிகிறது. இந்த வயதில் நான் அதை வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி) ஆர்15இல் 170 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸில் 220. எக்ஸ்பல்ஸின் சஸ்பென்ஷன் முன்னால் 190, பின்னால் 170 மில்லிமீட்டர் இறங்கி ஏறும். இரவில் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் விழும்போது இந்த எண்கள் உங்கள் இடுப்பில் தெரியும்.

டிராக்கில் ஓட்ட வேண்டும் என்பதே உங்கள் ஆசை என்றால் அது வேறு விஷயம். இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிபாளையத்திலும் பந்தயத் தடங்கள் இருக்கின்றன, பயிற்சி வகுப்புகளும் அவ்வப்போது நடக்கின்றன. ஸ்போர்ட்ஸ் பைக்கின் அருமை அங்கேதான் புரியும். முதலில் அங்கே போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

டூயல் ஸ்போர்ட்டின் குறைகளையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்

பிரேக்கை அழுத்தினால் முன்பக்கம் நன்றாக அமுங்கும். நீளமான ஃபோர்க் (முன் சஸ்பென்ஷன் குழாய்கள்) அப்படித்தான். பழகும் வரை பயமாக இருக்கும். கட்டி கட்டியாக மேடு வைத்த டயர், மழை நனைத்த தாரில் ஸ்போர்ட்ஸ் பைக் டயர் அளவுக்குப் பிடிக்காது. வளைவில் சாய்ப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டும். நெடுஞ்சாலையில் 200 சிசி வண்டி 80, 90இல் நிம்மதியாக ஓடும், அதற்கு மேல் அதிர்வு கூடும், எதிர்காற்று நெஞ்சில் அடிக்கும். ஆரல்வாய்மொழி மாதிரிக் காற்று வீசும் கணவாயில் உயரமான வண்டி பக்கவாட்டில் தள்ளப்படுவதை நன்றாக உணரலாம். வாரம்தோறும் 300 கிலோமீட்டர் ஹைவே ஓட்டம் இருக்கிறவருக்கு 200 சிசி டூயல் ஸ்போர்ட் சரிப்படாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உயரம்: கேட்டு முடிவு செய்யாதீர்கள், உட்கார்ந்து பாருங்கள்

'எனக்கு அந்த வண்டி ஹைட் சார்' என்று சொல்லிவிட்டு ஆர்15 வாங்கிப் போகிறவர்கள் நிறைய. ஆர்15 சீட் உயரம் 815 மில்லிமீட்டர், எக்ஸ்பல்ஸ் 200 4வி 825. ஒரு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். டூயல் ஸ்போர்ட்டில் சஸ்பென்ஷன் மென்மையானது என்பதால் நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் வண்டி கொஞ்சம் அமுங்கி அந்த வித்தியாசத்தையும் சாப்பிட்டுவிடும். எடை மட்டும் கூடுதல்: ஆர்15 சுமார் 141 கிலோ, எக்ஸ்பல்ஸ் சுமார் 158. 'ப்ரோ' என்று வரும் மாடலை மட்டும் கவனியுங்கள், அதன் சீட் 891 மில்லிமீட்டர். முதல் வண்டிக்கு அது வேண்டாம். பழைய ஹிமாலயன் 411 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் அதன் சீட் 800தான், ஆனால் வண்டி கனம்.

ஷோரூமில் செய்ய வேண்டியது இது. தினமும் போடும் ஷூவோடு போங்கள், செருப்போடு வேண்டாம். சைடு ஸ்டாண்டை எடுத்து, இரண்டு பாதத்தின் முன்பகுதியும் தரையில் படுகிறதா என்று பாருங்கள். குதிகால் படாவிட்டால் பரவாயில்லை. இடுப்பை லேசாக இடப்பக்கம் நகர்த்தி இடது காலை முழுசாக ஊன்றுங்கள், வலது கால் பின் பிரேக்கில் இருக்கட்டும். நிறுத்தும்போதெல்லாம் இப்படித்தான் நிற்கப் போகிறீர்கள். அப்புறம் வண்டியை விட்டு இறங்கி, ஹேண்டிலைப் பிடித்துப் பத்தடி பின்னால் தள்ளிப் பாருங்கள். லேசான மேட்டில் தள்ள முடிந்தால் இன்னும் நல்லது. தள்ள முடியாத வண்டியைச் சாய்ந்தால் தூக்கவும் முடியாது.

டெஸ்ட் ரைடில் வேகம் போய்ப் பார்க்காதீர்கள். முதல் கியரில் கிளட்சை வைத்து நடக்கிற வேகத்தில் ஓட்டுங்கள், ஒரு யூ-டர்ன் போடுங்கள், ஒரு வேகத்தடை ஏறி இறங்குங்கள். அம்மாவையோ தங்கையையோ பின்னால் உட்கார வைத்தும் ஒரு சுற்று போங்கள். ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் சீட் குறுகலாகவும் தூக்கலாகவும் இருக்கும், வீட்டில் யாரும் அதில் இரண்டாம் முறை ஏற விரும்புவதில்லை. டூயல் ஸ்போர்ட்டில் சீட் நீளம், ஏறுவதற்குத்தான் உயரம். சாரி கார்டு சட்டப்படி இருக்க வேண்டியது. அழகுக்காகக் கழற்றச் சொல்லாதீர்கள்.

பணக் கணக்கு

ஆன்ரோடு விலையோடு கணக்கு முடிவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40. முதல் வண்டிக்கு 350க்குள் நிற்க இதுவும் ஒரு காரணம். மூன்றாம் நபர் காப்பீடு 150 முதல் 350 சிசி வரை ஒரே அடுக்கு என்பதால் ஆர்15க்கும் எக்ஸ்பல்ஸுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. புது வண்டிக்கு அதை 5 ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும்.

உண்மையான வித்தியாசம் வண்டி விழும்போது தெரியும். முதல் ஆண்டில் கீழே போடாதவர்கள் குறைவு. பெட்ரோல் பங்க் வாசல் மணலில், சரிவான பார்க்கிங்கில், சைடு ஸ்டாண்டு சரியாக விழாமல், நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடும். ஸ்போர்ட்ஸ் பைக் அப்படிச் சாய்ந்தால் பக்கவாட்டு ஃபேரிங் கீறும் அல்லது அதன் பூட்டுக் காது உடையும். காது உடைந்தால் பலகை முழுவதையும் மாற்ற வேண்டியிருக்கும். காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள், அதாவது பாதிப் பணம் உங்கள் பையிலிருந்துதான் போகும். தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' காப்பீடு எடுத்திருந்தால் மட்டும் தப்பலாம். டூயல் ஸ்போர்ட்டில் தரையைத் தொடுவது ஹேண்ட்கார்டு (கையை மறைக்கும் காப்பு), ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை), ஹேண்டில்பாரின் முனை. கீறலோடு முடிந்துவிடும். கிளட்ச் லீவரும் ஹேண்ட்கார்டுக்குள் பத்திரமாக இருக்கும். எடுத்து நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் 15,000 ரூபாயாவது உடைகளுக்குத் தனியே வையுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள முழு முகத் தலைக்கவசம், கையுறை, முழங்கால் காப்பு, கணுக்கால் மூடும் பூட்ஸ். இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மண்ணில் சாயும் வண்டி முதலில் நசுக்குவது கணுக்காலைத்தான். பட்ஜெட் இடிக்கிறது என்றால் ஃபேன்ஸி இண்டிகேட்டர், ஃபாக் லைட், ஸ்டிக்கர் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள், பூட்ஸைத் தள்ளிப்போடாதீர்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால்

மண்ணில் ஓடிய வண்டி கழுவினால் புதுசு மாதிரி இருக்கும், அதனால் கையால் தொட்டுப் பாருங்கள். ஃபோர்க்கின் வெள்ளிக் குழாயில் எண்ணெய் வளையம் தெரிந்தால் சீல் போயிருக்கிறது. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் 'டக்'கென்று உட்கார்ந்தால் ஸ்டியரிங் பேரிங் தேய்ந்திருக்கிறது. சின்ன ஸ்பேனரால் ஸ்போக்ஸ் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா என்று பாருங்கள். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பாஷ் பிளேட்டில் கீறல் இருப்பது இயல்பு, ஆழமான நசுங்கல் இருந்தால் உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

ஆர்சியில் ஹெச்பி (வண்டிக் கடன் குறிப்பு) இருந்தால் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) 35ஆம் படிவமும் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். நிலுவைச் சலான் இருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

முதல் மூன்று மாதம்

வண்டி வந்ததும் மலைக்குப் போகாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் வால்பாறையின் 40ம் அங்கேயேதான் இருக்கும். முதலில் ஒரு காலி மைதானம் அல்லது வீடு கட்டாத லேஅவுட், காய்ந்து கெட்டியான செம்மண் தரை இருந்தால் போதும். உடன் ஒருவர் இருக்க வேண்டும்.

முதல் பயிற்சி, மெதுவாக ஓட்டுவது. பின் பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டு, கிளட்சைப் பாதி விட்டு, நடக்கிற வேகத்தில் வட்டமும் எட்டும் போடுங்கள். பார்வை போக வேண்டிய இடத்தில் இருக்கட்டும், முன் சக்கரத்தில் வேண்டாம்.

இரண்டாவது, நின்று ஓட்டுவது. டூயல் ஸ்போர்ட் வாங்கிவிட்டு இதைக் கற்காமல் விட்டால் பாதி வண்டியைத்தான் பயன்படுத்துகிறீர்கள். ஃபுட்பெக்கில் பாதத்தின் நடுப்பகுதியை வைத்து எழுந்து நில்லுங்கள். முழங்கால் லேசாக மடங்கி டேங்கைத் தொட்டிருக்க வேண்டும், முழங்கை வெளியே விரிந்திருக்க வேண்டும், பிடி தளர்வாக இருக்க வேண்டும். உடல் எடை முழுக்கக் காலில் இருந்தால் அடியில் வண்டி ஆடினாலும் நீங்கள் ஆட மாட்டீர்கள். கை வலித்தால் எடையைக் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது பிரேக். மண் தரையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்திச் சக்கரம் பூட்டிச் சறுக்குவதை உணருங்கள். ஹேண்டிலைத் திருப்பாமல் இருந்தால் வண்டி நேராகவே சறுக்கி நிற்கும். அப்புறம் முன் பிரேக்கை இரண்டு விரலால், மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிப் பழகுங்கள். சறுக்கல் எப்படித் தொடங்குகிறது, எங்கே திரும்பப் பிடிக்கிறது என்பதை 20 கிலோமீட்டர் வேகத்தில் உடம்பு கற்றுக்கொண்டால், மழை நாளில் தாரில் சக்கரம் வழுக்கும்போது கை பதறாது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் இதே பாடம் பெரும்பாலும் வேகமான ஒரு வளைவில்தான் கிடைக்கும், அங்கே மறுபடி செய்து பார்க்க வாய்ப்பு இருக்காது. 2023க்குப் பிந்தைய எக்ஸ்பல்ஸ் 4வியில் ஏபிஎஸ்ஸுக்கு (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) ரோடு, ஆஃப்ரோடு, ராலி என்று மூன்று நிலைகள் உண்டு. ராலியில் ஏபிஎஸ் வேலை செய்யாது. மைதானத்தை விட்டுத் தார்ச்சாலைக்கு வந்ததும் ரோடு நிலைக்கு மாற்றினோமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

மணலில் பயம் வந்தால் எல்லாரும் ஆக்சிலேட்டரை விட்டு முன் பிரேக்கைப் பிடிப்பார்கள், அதில்தான் விழுவார்கள். எடையைப் பின்னால் தள்ளி, ஆக்சிலேட்டரை ஒரே சீராக வைத்தால் முன் சக்கரம் நெளிந்தாலும் தானாக நேராகும்.

எங்கே ஓட்டக் கூடாது என்பதும் முக்கியம். காப்புக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், வண்டி பறிமுதல் வரை போகலாம். கடற்கரை மணலில் ஏறாதீர்கள். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் நம் கடற்கரைக்கு ஏறி வந்து முட்டையிடுகின்றன, சக்கரம் அந்தக் குழிகளை நசுக்கிவிடும். உப்பு உங்கள் ஸ்போக்ஸையும் அரித்துவிடும். விதைப்பு முடிந்த வயலோர வரப்பு விவசாயியின் உழைப்பு, கேட்காமல் அதில் ஓட்டாதீர்கள்.

பஞ்சர்

ஸ்போக்ஸ் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப் இருக்கும். டியூப்லெஸ் மாதிரிக் காற்று மெல்ல இறங்காது, சட்டென்று உட்கார்ந்துவிடும். 21 இஞ்ச் டியூப் எல்லாப் பஞ்சர் கடையிலும் இருக்காது, அதனால் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும். அவசரத்துக்கு அதையே பின் சக்கரத்திலும் மடித்துப் போட்டு ஊர் வந்து சேரலாம். கூடவே இரண்டு டயர் லீவர், அச்சு நட்டுக்கான ஸ்பேனர், சின்னக் கைப்பம்பு.

கடைக்காரர் டியூபை மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். டயரின் உள்பக்கம் முழுவதும் விரலை மெல்ல ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பஞ்சருக்குப் பெரிய காரணம் சீமைக் கருவேல முள். வெளியே ஒடிந்து உள்ளே நுனி மட்டும் நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் இறங்கும். மணலுக்காகக் காற்றைக் குறைத்திருந்தால் தாருக்கு வந்ததும் நிரப்புங்கள். குறைந்த காற்றில் கல்லில் மோதினால் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும்.

ஓட்டிவிட்டு வந்த பிறகு

புழுதியில் ஓடிய வாரம் ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள், சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். சேற்றுக்குப் பிறகு அன்றைக்கே செய்யுங்கள். வாட்டர் சர்வீஸில் கொடுத்தால், பிரஷர் தண்ணீரைச் சக்கர பேரிங்குகளுக்கும் செயினுக்கும் நேராக அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புது வண்டியின் ஸ்போக்ஸ் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் தளரும். முதல் சர்வீஸில் ஆயிலை மாற்றி வண்டியைக் கொடுத்துவிடுவார்கள், ஸ்போக்ஸ் இறுக்கமும் ரிம் ஆட்டமும் பார்த்தார்களா என்று நீங்களே கேட்டு, ஜாப் கார்டில் எழுத வைத்து, ஸ்பேனரால் தட்டிப் பார்த்து எடுத்து வாருங்கள்.